பதவி இல்லாமல் ஊர் வேலையில் இறங்குகிறவருக்கு

இது தமிழ்நாட்டில் ஒரு கிராம ஊராட்சியில் குடியிருக்கும், கட்சிப் பொறுப்போ உள்ளாட்சிப் பதவியோ இல்லாத ஒருவருக்கான வழிகாட்டி. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிறது. கேட்க ஆளில்லையா என்று திண்ணையில் புலம்பிவிட்டு, சரி, நாமே போய்க் கேட்போம் என்று எழுந்துவிட்டீர்கள். எழுந்த பிறகு எந்தப் பக்கம் நடப்பது என்பதுதான் கேள்வி.

இதற்குத் துணிச்சல் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். ஆனால் குரலை உயர்த்துகிற துணிச்சல் ஒரு கூட்டத்தோடு தீர்ந்துபோகும். கையில் தாளும் பக்கத்தில் நாலு பேரும் இருக்கும்போது வருகிற துணிச்சல் வருடக்கணக்கில் நிற்கும்.

எதிரி இல்லாத வேலையில் தொடங்குங்கள்

ஊரில் ஆயிரம் குறை இருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். எதை எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நேராக ஏரி ஆக்கிரமிப்பிலோ மணல் லாரியிலோ போய்க் கைவைக்கிறார்கள். அவை பெரிய பிரச்சினைகள், சந்தேகமில்லை. அவற்றுக்கு எதிர்த்தரப்பு என்று ஒன்று இருக்கிறது. அங்கே பணமும் ஆளும் இருக்கிறது. உங்கள் தரப்பில் அன்றைக்கு நீங்கள் மட்டும்தான்.

சரியானால் யாருக்கும் நஷ்டமில்லை, சரியானது எல்லோர் கண்ணிலும் படும், செலவு ஊராட்சியின் கைக்குள் அடங்கும். முதல் வேலை இந்த மூன்றுக்கும் பொருந்தட்டும். எரியாத விளக்கு, உடைந்த குழாய், அங்கன்வாடி வாசலில் தேங்கும் தண்ணீர் போன்றவை. விளக்கு எரிவதைவிடப் பெரிய லாபம் ஒன்று இதில் உண்டு. எந்த அலுவலகத்தில் யார் இருக்கிறார், எந்தத் தாள் எங்கே போகிறது, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பவர் யார், "நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அன்று காலையில் போனை அணைத்து வைப்பவர் யார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஏரிக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

அது யாருடைய வேலை?

தெரு விளக்கு, குடிநீர்க் குழாய், மேல்நிலைத் தொட்டி, உள்தெருச் சாலை, குப்பை எல்லாம் கிராம ஊராட்சியின் பொறுப்பு. ரேஷன் கடை ஊராட்சியுடையது இல்லை. வட்ட வழங்கல் அலுவலரிடம் போக வேண்டும். அங்கன்வாடிக்குக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் என்று தனியாக ஒருவர் இருக்கிறார். மின்கம்பமே சாய்ந்திருந்தால் மின்வாரியம். கம்பத்தில் மாட்டியிருக்கும் பல்பு எரியாவிட்டால் ஊராட்சி. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் இரண்டு அலுவலகத்துக்கும் நடந்து நடந்து ஓய்ந்தவர்கள் நிறையப் பேர்.

சாலையில் குழப்பம் அதிகம். ஒரே ஊருக்குள் ஊராட்சிச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை மூன்றும் ஓடும். மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மற்றவற்றுக்கு ஊராட்சிச் செயலரைக் கேட்பதே சுருக்கு வழி; அவருக்குத் தெரியும்.

ஏரி, குளம் என்றால் ஆயக்கட்டு, அதாவது அதிலிருந்து பாசனம் பெறும் நிலம், எவ்வளவு என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்குக் கீழே பாசனம் உள்ளவை பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் இருக்கும். அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடம். நிலம் புறம்போக்கா பட்டாவா என்ற கேள்வி வந்தால் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். நிலம் எந்த வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டை, சர்வே எண்ணை வைத்து இணையத்திலேயே பார்க்கலாம். மனுவை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

முதலில் பேச்சு, பிறகு மனு

நேராக கலெக்டருக்கு மனு போடுவது வீரமாகத் தோன்றும். அந்த மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து சேருவது உங்கள் ஊராட்சிச் செயலர் மேஜைக்குத்தான், கூடவே மேலிடத்திலிருந்து ஒரு கேள்வியோடு. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போனவர் என்ற கோபம் அவருக்கு இருக்கும்; நியாயமான கோபம்தான். முதலில் அவரிடம் போங்கள். "அண்ணே, எங்க தெருவுல மூணாவது கம்பத்துல லைட்டு எரியல, பொம்பளப் புள்ளைங்க டியூஷன் முடிச்சு வர்ற வழி" என்று சொன்னாலே பாதி வேலைகள் முடிந்துவிடும். முடியாவிட்டாலும், சொன்ன தேதி உங்களிடம் இருக்கும்.

ஒரு வாரமோ பத்து நாளோ பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரே விஷயம். பத்துக் கோரிக்கையை அடுக்கிய மனுவில் பத்தும் போய்விடும். இந்த அளவு போதும்:

"பொருள்: வடக்குத் தெரு, மூன்றாவது மின்கம்பத்தில் தெருவிளக்கு எரியாதது தொடர்பாக. மேற்படி விளக்கு இம்மாதம் 3-ஆம் தேதி முதல் எரியவில்லை. 10-ஆம் தேதி ஊராட்சிச் செயலரிடம் நேரில் தெரிவித்தோம். இவ்வழியாக மாலையில் மாணவிகள் நடந்து வருகிறார்கள். விளக்கைச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கீழே தெருவாசிகளின் கையெழுத்து. 'மெத்தனப் போக்கு', 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' போன்றவை சுவரொட்டிக்கு ஆகும், மனுவுக்கு ஆகாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மாட்டோம் என்றால் சண்டை வேண்டாம். தபாலில் அனுப்பி ரசீதை மனுவின் நகலோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்த படி ஒன்றிய அலுவலகம். அங்கே பெரும்பாலும் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். ஊராட்சி விஷயங்களுக்குப் பலகையில் 'கிராம ஊராட்சிகள்' என்று போட்டிருக்கும் பிடிஓவைப் பாருங்கள். அங்கும் நகரவில்லை என்றால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண், திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் ஆகியவை இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் நகலை இணைத்தால், மூன்றாவது இடத்தில் உங்கள் கோப்பே உங்களுக்காகப் பேசும்.

கிராம சபை

இதுவரை சொன்னது தனி ஆளாகவும் செய்யக்கூடியது. கிராம சபை வேறு மாதிரி.

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தேர்தலில் நின்று ஜெயித்து வரவேண்டியதில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கிற வேலைகளை ஆய்வு செய்வது எல்லாம் இந்தச் சபையின் வேலை. முதலில் உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் பட்டியலில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பிழைப்புக்காக நகரத்துக்குப் போய் வாக்கை அங்கே மாற்றியவர், பொங்கலுக்கு வந்து சபையில் உரிமையோடு பேச முடியாது.

கூட்டம் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் 2022-இல் சேர்ந்தவை. அதற்கு முன் நான்குதான். பெரும்பாலும் காலை 11 மணிக்குத் தொடங்கும். கோயில், சர்ச், மசூதி வளாகங்களில் நடத்தக் கூடாது. எல்லோரும் கூச்சமில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பதே காரணம். நம் ஊர்களில் அது சின்ன விஷயமில்லை. ஊராட்சித் தலைவர் தலைமை வகிப்பார்; தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர். ஒன்றியத்திலிருந்து பற்றாளர் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். அவரைப் பலர் கவனிப்பதே இல்லை. சபை ஒழுங்காக நடந்ததா என்று அறிக்கை தருகிறவர் அவர்தான். கூட்டத்துக்கு முன்னால் ஒரு வணக்கம் சொல்லி, என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்று தெரிவித்துவிடுங்கள்.

குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையைக் காட்டத்தான் நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். இங்கே ஒரு பழக்கத்தை நீங்கள் மாற்றலாம். வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற பழக்கம். நாம் போன பிறகு எழுதப்படும் தீர்மானத்துக்கும் அந்தக் கையெழுத்துதான் சாட்சியாக நிற்கும். வருகைக்கான பக்கமா, தீர்மானத்துக்குக் கீழேயா என்று பார்த்துப் போடுங்கள். தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். "வாசிங்க சார், கேட்டுட்டுப் போடறோம்" என்று ஒரு பாட்டி சொன்னால் மறுக்க எந்த அதிகாரியாலும் முடியாது.

அரசு அனுப்பிய பொருள் பட்டியலை வாசிக்கவே பாதி நேரம் போய்விடும். உங்கள் விஷயம் 'இதர பொருள்கள்' என்று கடைசியில் வரும். அதற்குள் கூட்டம் கலைய ஆரம்பித்திருக்கும். ஆகவே சில நாள் முன்பே எழுத்தில் கொடுத்து, பொருளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானத்தின் வாசகத்தையும் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். செயலர் அவசரத்தில் எழுதினால் 'ஆவன செய்யப்படும்' என்று முடித்துவிடுவார். என்ன வேலை, எந்த இடத்தில், எந்த நிதியில், எப்போதுக்குள் என்ற நான்கும் உங்கள் வாசகத்தில் இருக்கட்டும்.

பேசுவதற்குத் தனியாகப் போகாதீர்கள். நான்கைந்து பேர், வெவ்வேறு தெருவிலிருந்து, முடிந்தால் வெவ்வேறு சாதியிலிருந்து. ஒரே தெருக்காரர்கள் எழுந்தால் 'அவங்க பிரச்சினை' ஆகிவிடும். அதில் இரண்டு பெண்களாவது இருக்கட்டும், அவர்களே பேசட்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் கிடைத்தது என்று சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. மைக்கைப் பிடித்தால் இரண்டு நிமிடம். தலைவரின் பேரன் பைக் ஓட்டுவதைப் பற்றியெல்லாம் அங்கே பேச வேண்டாம்.

சபைத் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும்? ஒடிஷாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2013-இல். கேட்கப்பட்ட 12 சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டத்தின் பலம் இருந்தது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம் வந்தது, மக்கள் மதுரைக்குப் பேரணி போனார்கள், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் தனியாக அதைச் சாதித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் பின்னால் வந்த எல்லோரும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறாக அது இருந்தது.

கணக்கு கேட்பது

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி பற்றிப் பேச்சே கிடையாது. குடவோலையைச் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் இல்லாதவருக்கு அதில் இடமில்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது என்று பராந்தகச் சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு சொல்வதையும் அதிகம் பேர் எடுத்துச் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது இந்த வரி.

இன்று கணக்கைப் பார்க்க எளிய வழி ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளம். உங்கள் ஊராட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டுத் திட்டம், வந்த தொகை, செலவு எல்லாம் தெரியும். அங்கே 'பணி முடிந்தது' என்று இருக்கும் கால்வாயைத் தேடிக்கொண்டு ஒருநாள் நடந்து பாருங்கள். இருந்தால் நல்லது, மனதாரச் சொல்லிவிடுங்கள்.

இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். விஷயம் வேறு அலுவலகத்தைச் சேர்ந்தது என்றால் 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு.

கேள்வி கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஏன் கால்வாய் கட்டவில்லை?' என்று எழுதினால் பதிலே வராது, அல்லது பயனில்லாத ஒன்று வரும். இருக்கிற ஆவணத்தைத்தான் சட்டம் தரச் சொல்கிறது, விளக்கத்தை இல்லை. 'இன்ன ஆண்டில் வடக்குத் தெருக் கால்வாய்க்கான மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பணம் வழங்கிய சீட்டு ஆகியவற்றின் நகல் வேண்டும்' என்று எழுதுங்கள். அளவுப் புத்தகம்தான் முக்கியம். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டது அதில் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு நாலு பேர் முன்னிலையில் அளந்தால் போதும்.

இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர்களில் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளிகளும் உண்டு. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் பஞ்சாயத்து வேலையின் கூலிப் பதிவேட்டை ஊர் நடுவே வைத்து உரக்க வாசித்தார்கள். யாரையும் திட்டவில்லை, வாசித்தார்கள். வேலை செய்யாதவர் பெயரும், செய்தவருக்குத் தராத கூலியும் தானாக வெளியே வந்தன. சபையில் கணக்கு கேட்கும்போது இந்த முறையை வைத்துக்கொள்ளலாம். தாளில் இருப்பதை வாசியுங்கள், அளந்ததைச் சொல்லுங்கள், உட்கார்ந்துவிடுங்கள். 'திருடன்' என்ற சொல்லை நீங்கள் சொன்னால் பேச்சு அந்தச் சொல்லைப் பற்றியதாக மாறிவிடும், கால்வாய் மறந்துபோகும்.

பயம் நியாயமானது

பயப்படாதீர்கள் என்று எழுதுவது எளிது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கான தனித் தொகுதியானபோது தேர்தலில் நின்று தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொன்றார்கள். அதேபோல் தனித் தொகுதிகளான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டு காலம் தலைவர் தேர்தலையே முறையாக நடக்கவிடவில்லை, 2006-இல்தான் நடந்தது. ஊரில் எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. ஆதிக்க சாதியில் பிறந்தவர் கேட்டால் கேள்வியாக இருப்பது, காலனியிலிருந்து வந்தவர் கேட்டால் திமிராகப் பார்க்கப்படும். முதல் கையெழுத்தை யார் போடுவது, கல்லடி விழுந்தால் யார்மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள். அடி குறைவாக விழக்கூடியவர் முன்னால் நிற்பதுதான் முறை.

தகவல் மனுவை எந்தக் குடிமகனும் எந்த ஊருக்கும் போடலாம் என்பதால், பிரச்சினை கடுமையானதாக இருந்தால் வெளியூர் நண்பர் பெயரில் போகட்டும். ஒரே விஷயத்தைப் பலர் தனித்தனியாகக் கேட்பதும் நல்லது. ஒருவரை மட்டும் மிரட்டி விஷயத்தை நிறுத்திவிட முடியாது. ஆவணங்களின் நகலை ஊருக்கு வெளியே ஒருவரிடம் வைத்திருங்கள். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் காவல் நிலையத்தில் கொடுத்து புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இந்த அளவுக்குப் போக மனமில்லை, வீட்டுச் சூழல் இடம் தரவில்லை என்றால் விட்டுவிட்டு விளக்குக்கும் குழாய்க்கும் திரும்புவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

யாரிடம் கோபப்படுகிறோம் என்பதும் யோசிக்க வேண்டியது. தண்ணீரில் நாற்றம் என்றதும் டேங்க் ஆபரேட்டரைப் பிடித்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அவருக்கு பிளீச்சிங் பவுடர் கொடுத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குளோரின் அளவைச் சோதிக்கும் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். ஊராட்சியில் அதைக் கேளுங்கள். தூய்மைக் காவலர், ஆபரேட்டர், செயலர் என்று கையெட்டும் தூரத்தில் இருப்பவர்களை அவமானப்படுத்துவதில் துணிச்சல் எதுவும் இல்லை. அவர்களுக்குச் சம்பள பாக்கி இருந்தால் அதையும் சபையில் கேளுங்கள். அப்புறம் பாருங்கள், ஊராட்சியில் நடப்பது உங்களுக்கு எப்படித் தெரியவருகிறது என்று.

பணம், பெயர்

முடிந்தவரை பணம் வசூலிக்காதீர்கள். வசூலித்தே ஆக வேண்டும் என்றால் வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். வேலை முடிந்த வாரமே கணக்கை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஊராட்சியிடம் கணக்கு கேட்பவரின் கணக்கைத்தான் ஊர் முதலில் பார்க்கும்.

விளக்கு எரிந்ததும் நன்றி அறிவிப்பில் செயலர் பெயரும் வார்டு உறுப்பினர் பெயரும் முதலில் வரட்டும். உங்கள் பெயர் வராவிட்டாலும் குடிமுழுகாது. இரண்டாவது வேலைக்கு மனு எழுதுவதை, முதல் வேலையில் கூட நின்ற இன்னொருவரிடம் விடுங்கள். தப்பும் தவறுமாக எழுதுவார், எழுதட்டும். எல்லாம் ஒரே ஆள் கையில் இருந்தால், அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தாலோ வெளிநாட்டு வேலை வந்தாலோ ஊர் வேலை அத்தோடு நின்றுவிடும்.

அடுத்த சபை வரும்போது புதுக் கோரிக்கையோடு எழாதீர்கள். சென்ற கூட்டத்தின் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்து, எது முடிந்தது, எது எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். வாசிக்க நோட்டு கொண்டுவரவில்லை என்பார்கள். நீங்கள் எடுத்து வைத்த நகலை அப்போது நீட்டலாம்.